டிரெய்லருக்குக் கன்னி மூலை

நெடுஞ்சாலையோர எடைமேடை ஒன்றில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தவனுக்கு, கண்ணில் படுகிற வண்டியின் சக்கரங்களை எண்ணாமல் இருக்க முடியாது. பொன்னேரியில் பேருந்துக்காக நிற்கும்போதுகூட, இந்த லாரிக்குப் பத்து, அந்தக் கன்டெய்னருக்குப் பதினெட்டு என்று வாய்க்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இது ஒரு வியாதி என்பாள் என் மனைவி. நான் மறுப்பதில்லை. எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் பயம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. எனக்குத் தெரிந்து அதற்கு வேறு பயன் இல்லை.

பயப்படுவதற்குப் போன வருடம் எனக்குப் புதிதாக ஒன்று கிடைத்தது. மகளும் மருமகனும் ஒரு பழைய வேனை வாங்கி வீடாக மாற்றினார்கள்.

மருமகன் கொதிகலன் குழாய்களைப் பற்றவைக்கிறவர். மகள், பற்றவைத்த இடத்தில் சாயம் தடவி, வெடிப்பு இருக்கிறதா என்று சோதிக்கிறவள். மின் நிலையங்களில் வருடத்துக்கு ஒரு முறை எந்திரத்தை நிறுத்திப் பழுது பார்க்கிற சில வாரங்களில்தான் இவர்களுக்கு வேலை. வள்ளூரில் முடிந்தால் நெல்லூர்ப் பக்கம், அங்கே முடிந்தால் இன்னும் வடக்கே. போகிற ஊரிலெல்லாம் வாடகை அறை தேடி, அந்த அறையின் சுவரில் முந்தைய ஆட்கள் எழுதிவிட்டுப் போன பெயர்களைப் பார்த்துக்கொண்டு சமைத்துச் சாப்பிட்டு, இருவருக்கும் வெறுத்துப் போயிருந்தது. கும்மிடிப்பூண்டியில் ஒரு பட்டறையில் வேனைக் கொடுத்து, உள்ளே இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு தொட்டி, பீரோ அளவில் ஒரு கழிப்பறை எல்லாம் வைத்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் அதற்கு 'ஊட்டு வண்டி' என்று பெயர் விழுந்தது.

வெல்டிங் எந்திரத்துக்கும் கேபிள் சுருள்களுக்கும் ஸ்கூட்டருக்கும் அந்த வீட்டுக்குள் இடமில்லை. அதனால் பின்னால் இழுத்துப் போக இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று, நாலு பக்கமும் தகரம் அடைத்து, கதவு பின்னால் வைத்து, அதற்கென்று தனி நம்பர் பலகையோடு வந்து சேர்ந்தது. வேனின் பின்னால் ஒரு இரும்புக் குண்டு. டிரெய்லரின் முன்னால் நீண்டிருக்கிற இரும்பு மூக்கின் நுனியில் கிண்ணம்போல ஒரு பூட்டு. கிண்ணம் குண்டின்மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். இரண்டு வண்டியையும் சேர்த்து வைப்பது, ஒரு ஆரஞ்சுப் பழத்தைவிடச் சிறிய அந்தக் குண்டுதான் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

போதாததற்கு, அந்த முறை மருமகன் முன்கூட்டியே ரயிலில் போய் நெல்லூர்ப் பக்கத்து வேலையில் சேர்ந்துவிட்டார். வீட்டையும் வாலையும் ஓட்டிக்கொண்டு வருவது மகள் பொறுப்பு. துணைக்கு அவள் அம்மா. நானும் வருகிறேன் என்றேன்.

"நைனா, நீ பக்கத்துல உக்காந்தா எனக்குக் கை நடுங்கும்" என்றாள் மகள்.

"முன்னால லாரி வருது, பின்னால லாரி வருதுன்னு எண்ணிக்கினே வருவாரு" என்றாள் என் மனைவி. "நெல்லூர் போறதுக்குள்ள நமக்குப் பித்து புடிக்கும்."

ஆக, என் குடும்பம் மொத்தமும் அந்த நெடுஞ்சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, நான் இல்லாமல் போகப்போகிறது.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலை டிரெய்லருக்குப் பூஜை. அதற்கு ஆரணிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சம்பந்தி வந்தார். மருமகனின் அப்பா. நெல் விவசாயம். மனை சாஸ்திரத்தில் அவருக்கு அசைக்க முடியாத பிடிப்பு. அவர் ஊரில் யார் வீடு கட்டினாலும் கயிறு பிடிப்பதற்கு முன் அவரை அழைத்துவிடுவார்கள். தன் வீட்டுக் கிணறே தவறான மூலையில் இருக்கிறது என்று அதைத் தூர்த்துவிட்டு வேறு மூலையில் தோண்டியவர். புதிய கிணற்றில் தண்ணீர் கொஞ்சம் உப்பு. அதைப் பற்றி அவரிடம் யாரும் பேசுவதில்லை.

தன் வயலில் விளைந்த அரிசி இரண்டு மூட்டையும், புதிய கிரைண்டர் ஒன்றும் தன் காரில் கொண்டுவந்திருந்தார். டிரெய்லர் எங்கள் வாசலில் கிழக்குப் பார்த்து நின்றது. மருமகன் ஸ்கூட்டரையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு போகும் முன், வெல்டிங் எந்திரத்தையும் கேபிள் சுருள்களையும் முன்பக்கம் வைத்துக் கட்டியிருந்தார். சம்பந்தி கதவைத் திறந்து பார்த்ததும் முகம் மாறினார்.

"இன்னா சம்மந்தி, ஈசானியத்துல இவ்ளோ பாரத்த வச்சிருக்கீங்க?"

"உங்க பையன்தான் வச்சாரு."

"அவன் அவசரக்காரன். இங்க பாருங்க." இரண்டு கைகளையும் விரித்துக் கிழக்கைப் பார்த்து நின்றார். "வண்டி கெழக்க பாத்து நிக்குது. வடகெழக்கு ஈசானியம் முன்னால, இடது கை பக்கம். அது காலியா இருக்கணும். தென்மேற்குக் கன்னி மூலை பின்னால, வலது பக்கம். பாரமெல்லாம் அங்கதான் போவணும்."

"இது ஓடற வண்டி சம்மந்தி…"

"ஓடற ஊடு. ஊடுன்னா மூலை இருக்கும்."

இந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும் என்று யாராவது நினைக்கலாம். பேசினேன். பாரம் சக்கரத்துக்கு முன்னால் இருக்க வேண்டும் என்றேன். ஆனால் அன்று காலை மட்டும் நான் காஸ் சிலிண்டரைப் பற்றி, டயரின் காற்றைப் பற்றி, மூக்கின் அடியில் குறுக்காகப் போட வேண்டிய இரண்டு சங்கிலிகளைப் பற்றி, பின்விளக்குகளில் பூசிய சந்தனத்தைப் பற்றி என்று ஒன்பது கவலைகளைச் சொல்லி முடித்திருந்தேன். இது பத்தாவது. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாப்பிள்ளையின் அப்பா, சீர் கொண்டுவந்து, பூஜை நேரத்தில் சொல்கிற ஒன்றை மறுத்துப் பேசுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. இரண்டு ஆட்கள் வந்து எந்திரத்தையும் கேபிளையும் தூக்கிப் பின்னால் வைத்தார்கள். அதன் மேலும் பக்கத்திலும் அரிசி மூட்டைகள், கிரைண்டர். முன்பக்கத்தில் ஒரு விளக்குமாறும் சம்பந்தி வைத்த எலுமிச்சம்பழமும். சந்தனத்தை மட்டும், யாரும் பார்க்காதபோது ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

பூஜை முடிந்து, நாஷ்டா ஆனதும், ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்போம் என்று மகள் சொன்னாள். சம்பந்தி அவள் பக்கத்தில் முன் இருக்கையில். நான் பின்னால் படுக்கையில் உட்கார்ந்து, பின்கண்ணாடி வழியே டிரெய்லரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். தச்சூர் கூட்டு ரோடு வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. வளைவுகளில் டிரெய்லர் வேனைவிட உள்ளே ஒடுங்கித் திரும்பும் என்பதை மகள் புரிந்துகொண்டு, அகலமாகவே திருப்பினாள். நெடுஞ்சாலையில் ஏறி வடக்கே திரும்பினோம். வேகம் கூடியது.

கவரைப்பேட்டைக்கு முன்னால் ஒரு நீண்ட லாரி எங்களைத் தாண்டியது. இருபத்திரண்டு சக்கரம். அதன் காற்று வந்து தள்ளியதும் டிரெய்லரின் பின்புறம் இடது பக்கம் போனது. பிறகு வலது. பிறகு அதைவிட அதிகமாக இடது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக இருந்தது. வேனின் பின்பகுதியும் கூடவே ஆடியது. அடுப்புக்கு மேலிருந்த டம்ளர்கள் எல்லாம் விழுந்தன. நாய் வாலை ஆட்டும் என்று தெரியும். வால் நாயை ஆட்டுவதை அன்றுதான் பார்த்தேன்.

"பிரேக் அடிக்காதே!" என்று கத்தினேன்.

அவள் அடிக்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேகம் குறையக் குறைய ஆட்டமும் குறைந்து நின்றது. ஓரமாக நிறுத்தி, நாலு பக்கத்து விளக்கையும் மினுக்கவிட்டு இறங்கினாள்.

"பின்னாலருந்து யாரோ புடிச்சி ஆட்ற மாதிரி இருந்துச்சி நைனா."

"காத்தும்மா" என்றார் சம்பந்தி. "அவன் ராட்சசன் மாதிரி போறான். எருமை மாடே ஆடும்."

நான் சங்கிலிகளைக் கழற்றி, விளக்கு ஒயரை உருவி, பூட்டைத் திறந்து, டிரெய்லரின் மூக்கை ஒரு கையால் தூக்கினேன். வந்துவிட்டது. எனக்கு எழுபத்திரண்டு வயது. தண்ணீர்க் குடத்தை இரண்டு கையாலும் தூக்க முடியாதவன்.

சம்பந்தி முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, எவ்ளோ லேசா இருக்கு! நல்லா செஞ்சிருக்கான் பட்டறைக்காரன்."

"சம்மந்தி, இது லேசா இருக்கக் கூடாது."

"லேசா இருந்தா இன்னா கெட்டுப்போச்சி? இழுக்க சுளுவுதானே?"

சொன்னால் புரியாது என்பதல்ல. நான் சொன்னால் அது என் பயமாகவே கேட்கும் என்பதுதான் சிக்கல். இத்தனை வருடம் எல்லாவற்றுக்கும் பயந்து பயந்து, உண்மையாகப் பயப்பட வேண்டிய ஒன்று வரும்போது என் வார்த்தைக்கு எடையில்லாமல் போயிருந்தது. அதனால் டிரெய்லரை மறுபடி மாட்டி, மெதுவாக ஓட்டச் சொல்லி, நான் வேலை பார்த்த எடைமேடைக்கே வண்டியைக் கொண்டுபோகச் செய்தேன். இப்போது அங்கிருப்பவர் என்னைத் தெரிந்தவர். மேடையைச் சற்று நேரம் கொடுத்தார்.

முதலில் டிரெய்லரைத் தனியாகக் கழற்றி, முழுவதையும் மேடைமேல் நிறுத்தினோம். சிவப்பு எழுத்தில் எண்ணூற்று முப்பது என்று வந்தது. பிறகு சக்கரங்கள் மட்டும் மேடைமேல் இருக்க, மூக்கு மட்டும் மேடைக்கு வெளியே தரையில் ஊன்றி நிற்கும்படி தள்ளினோம். எண்ணூற்று இருபது.

"பத்து கிலோதான் மூக்குல இருக்கு" என்றேன். "எண்பது இருக்கணும். மூக்கு அழுத்தமா உக்காந்தாதான் வால் அடங்கும். எல்லாப் பாரமும் சக்கரத்துக்குப் பின்னால இருக்குது. அதான் ஆட்டுது."

அந்த எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. அதே மேடையில் எத்தனை ஆயிரம் வண்டிகளை ஏற்றி இறக்கியிருப்பேன். மொத்த எடை அளவுக்கு உள்ளே இருந்தால், சரி, போ என்று அனுப்பிவிடுவேன். பாரம் எவ்வளவு என்று மட்டும்தான் என்னிடம் கேட்டார்கள். அது எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. என் பயங்களும் அப்படித்தான். எத்தனை என்று தெரியும். எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில், வீட்டிலிருப்பவர்கள் தலைமேல், அடுக்கிவைத்திருந்தேன்.

சம்பந்தி எண்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கன்னி மூலையில இருக்கிற பாரத்த எடுத்து ஈசானியத்துல வைக்கச் சொல்றீங்க."

"முன்னால வைக்கச் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்." குரல் இறங்கியது. "சம்மந்தி, என் மருமவ போற வண்டி. நான் கெடுதலா செய்வேன்? என் புள்ள ஒயரத்துல சாரம் கட்டி ஏறி வேலை செய்யறவன். அவன் மேல நிக்கறப்போ நான் கீழருந்து இன்னா பண்ண முடியும்? வயல்ல நின்னுகினு வானத்தப் பாக்கறதா? மூலை பாத்து, கெணத்தை மாத்தி, ஏதோ என் கையில ஆவறத செஞ்சி வச்சிருக்கேன். இந்நாள் வரைக்கும் அவனுக்கு ஒரு கீறல் இல்ல. இன்னைக்கு நானே அத மாத்திட்டு, நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா?"

அந்தக் கிணற்றைப் பற்றி எத்தனை முறை சிரித்திருக்கிறோம் நானும் என் மனைவியும். பயத்துக்கு நான் சக்கரங்களை எண்ணினேன், அவர் எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டார். பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குப் படவில்லை. ஆனால் பாரம் பின்னால் இருந்தால் நாளைக்கு வண்டி கவிழும்; அதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

மகள்தான் பேசினாள். மேடை ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள்.

"மாமா, எனக்கு ஒரு டவுட்டு. டிரெய்லரு மேற்க பாத்து நின்னா கன்னி மூலை எங்க வரும்?"

அவர் யோசிக்காமல் மேற்குப் பார்த்துத் திரும்பி, கைகளை விரித்தார். வாய் முணுமுணுத்தது. "முன்னால… இடது கை பக்கம்."

"ஈசானியம்?"

"பின்னால, வலது பக்கம்."

"வண்டி மேற்க பாத்து நிக்கறது தப்பா மாமா?"

"தெக்கதான் ஆவாது, எமன் திக்கு. மேற்க வருணன். தப்பில்ல."

"அப்போ எல்லாத்தையும் எறக்கிட்டு, மேற்க பாத்து நிறுத்தி, நீங்களே உங்க கையால கன்னி மூலையில ஏத்திக் குடுங்க. இன்னொரு கற்பூரம் காட்டிடலாம். காலைல வச்சத விட இது பலமா இருக்கும்."

சம்பந்தி விரித்த கைகளை மடக்காமல் அவளையே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஓடுகிற வண்டிக்கு ஒரு மூலையும் நிலையில்லை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? புரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல், "என் மருமவளுக்கு சாஸ்திரம் தெரியுது" என்றார்.

எடைமேடைக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் டிரெய்லரை மேற்குப் பார்த்து நிறுத்தினோம். லாரிகளுக்குச் சுமை ஏற்றும் ஆட்கள் இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். அரிசி மூட்டையை மட்டும் யாரையும் தொடவிடாமல் சம்பந்தியே முதுகில் தூக்கிப்போய் முன் மூலையில் வைத்தார். எந்திரமும் முன்னால் போனது. மறுபடி மேடைக்கு வந்தால் மூக்கில் நூற்று எழுபது காட்டியது. வேனில் மாட்டியதும் வேனின் பின்பக்கம் தாழ்ந்து, முகம் வானத்தைப் பார்த்தது.

"இதுவும் ஆவாது சம்மந்தி" என்றேன் தயங்கியபடி. "பின்னால இப்படி அழுந்தினா முன் சக்கரம் ரோட்டைச் சரியாப் பிடிக்காது. ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேக்காது. கொஞ்சம் நடுவுக்குத் தள்ளணும்."

சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு மூட்டையையும் கிரைண்டரையும் இழுத்துச் சக்கரத்துக்கு நேர்மேலே வைத்தார். எந்திரத்தையும் ஒரு சாண் பின்னுக்குத் தள்ளி, இடமும் வலமும் சரியாக வரும்படி கட்டினோம்.

"மூலைக்கு ஒரு மூட்ட போதும். இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சா சரி" என்றார் சம்பந்தி.

எண்பத்தைந்து வந்தது. நான் மூன்று முறை பார்த்தேன். சுமையாட்களில் ஒருவர், "பெருசு, நம்பரு மாறாது, வாங்க" என்றார்.

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்குள் புறப்பட்டார்கள். மணிக்கு ஐம்பதுக்கு மேல் போகக் கூடாது, முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிட இரண்டு பங்கு இடைவெளி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பூட்டையும் சங்கிலியையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். "சரி நைனா" என்றாள். இந்த முறை கேலியாகச் சொல்லவில்லை. மனைவி முன் இருக்கையில் சேலையைச் செருகி உட்கார்ந்துகொண்டு, "போய் நாஷ்டா துன்னுங்க, தோசை மாவு இருக்குது" என்றாள்.

நான் போகவில்லை. இரவு எங்கள் வீட்டிலேயே தங்கிய சம்பந்தி தன் பழைய காரைக் கிளப்பியிருந்தார். "கும்மிடிப்பூண்டி வரைக்கும் பின்னாலயே போய் வழியனுப்பிட்டு வந்துருவோம்" என்றார். ஏறிக்கொண்டேன்.

அவருக்குத் தூரப் பார்வை குறைவு. கண்ணாடி போட மாட்டார். அதனால் அவர் ஓட்ட, நான் பார்க்க வேண்டியதாயிற்று. கவரைப்பேட்டை தாண்டும்போது ஒரு கன்டெய்னர் அவர்களைக் கடந்தது. டிரெய்லர் ஒரு முறை லேசாக அசைந்து, தானாகவே நேரானது. இன்னொரு லாரி கடந்தது. அசையவில்லை.

"ஆடுதா?" என்றார் சம்பந்தி.

"இல்ல."

தொழிற்பேட்டைக்குத் திரும்பும் பேருந்துகள் வலதும் இடதுமாகப் புகுந்து போயின. மகள் யாரோடும் போட்டி போடாமல் இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தாள். கும்மிடிப்பூண்டி வந்தது. பாலத்துக்குக் கீழே திரும்பிவிடுவோம் என்று எதிர்பார்த்தேன். அவர் திருப்பவில்லை.

"சம்மந்தி, கும்மிடிப்பூண்டி தாண்டியாச்சு."

"தெரியுது, தெரியுது. ஆடுதா?"

"இல்ல."

எளாவூரில் சோதனைச் சாவடி வரிசையில் லாரிகள் நின்றன. அதைத் தாண்டி ஊட்டு வண்டி வேகம் பிடிப்பது தெரிந்தது. சம்பந்தி காரை ஓரங்கட்டினார். கைப்பிரேக்கை இழுத்தார். இரண்டு பேரும் அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பார்த்தது அநேகமாக ஒரு வெள்ளைப் புள்ளியாக இருக்கும். என் கண்ணுக்கு நம்பர் பலகை தெரிந்தது, பிறகு விளக்குகள் தெரிந்தன, பிறகு அவையும் இல்லை.

"இன்னும் கொஞ்சம் போலாமா?" என்றார், என்னைப் பார்க்காமல். "ஆரம்பாக்கம் வரைக்கும். அங்க டீ நல்லா இருக்கும்."

"தடாவுலயும் நல்லா இருக்கும்" என்றேன்.

அவர் பிரேக்கை விட்டார். முன்னால் நின்ற லாரிகளைச் சுற்றிக்கொண்டு கார் வடக்கே ஓடியது. ஒரு வளைவு தாண்டியதும் தகரப் பெட்டி மறுபடி கண்ணில் பட்டது.

"ஆடுதா?"

"இல்ல சம்மந்தி. நேராப் போவுது."

"நல்லா பாருங்க" என்றார் அவர், இன்னும் கொஞ்சம் மிதித்து.